பிளேனைத் திருப்பினவன்

உக்காருங்க சார். இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, அங்க தகரம் ஒழுகும். பேக்கைக் கீழ வைக்காதீங்க, பெஞ்சு மேலயே வைங்க. சென்னைப் பிளேனுக்குத்தானே? ரெண்டே முக்காலுக்கு வரவேண்டியது. மழைக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். உள்ள கண்ணாடி ரூம்ல உக்காந்து போர்டையே பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இங்க வந்து டீ குடிக்கலாம்னு தோணிச்சே, நல்ல காரியம் பண்ணினீய. மாஸ்டர், சாருக்கு ஒரு டீ. எனக்கும்தான்.

இந்த மேகத்துக்குள்ள எப்படி எறங்கும்னு அண்ணாந்து பாக்கீய. எறங்கும் சார். இந்த ஏர்போர்ட்ல பிளேன் எப்ப எறங்கும், எப்ப எறங்காதுங்கிறதுல என்னை விட்டா வெவரம் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கம் கிடையாது. நான் பைலட்டும் இல்ல, ஆபீசரும் இல்ல. கரண்டு ஆபீஸ்ல முப்பத்திநாலு வருசம் இருந்து போர்மேனா ரிட்டையர் ஆனவன். வீடு அந்தா, ஓடுபாதை முடியுத முள்வேலிக்கு அந்தப் பக்கம், முக்கா கிலோமீட்டர். எங்க மாடிக்கு நேர் மேலதான் பிளேன் வரும். காயப்போட்ட வேட்டி ஆடும்.

முன்னெல்லாம் மேகம் கொஞ்சம் கீழ வந்துட்டாப் போதும், வந்த பிளேன் ஒரு சுத்து சுத்திட்டு மதுரைக்குப் போயிரும். பெரிய ஊர்ல எல்லாம் தரையிலயே கருவி வச்சு பிளேனுக்கு வழி காட்டுதான். நம்ம ஊருக்கு அதெல்லாம் யாரு வைப்பா? பைலட்டு கண்ணுக்கு ஓடுபாதை தெரிஞ்சாத்தான் எறங்கலாம். அப்புறம்தான் இந்த சாட்டிலைட் வழி வந்துச்சு.

அதை எனக்கு வெளக்கிச் சொன்னது சர்வேக்கு வந்த ஒரு பொண்ணு. மூணு கால் ஸ்டாண்டுல கருவியை நட்டு வச்சு வெயில்ல நின்னுச்சு, கூப்பிட்டு மோர் குடுத்தோம். அது சொல்லிச்சு. மேல இருக்கிற சாட்டிலைட்டுகளை வச்சு பிளேன் தான் எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கிடும். ஆனா அதுல நாலஞ்சு மீட்டர் முன்னப் பின்ன இருக்கும். ரோட்டுல போற காருக்கு அது பத்தும், தரையைத் தொடப்போற பிளேனுக்குப் பத்துமா? அதனால நாடு முழுக்க அங்கங்க ஸ்டேஷன் வச்சு, சாட்டிலைட் எம்புட்டு தப்பாச் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கான். அந்தத் திருத்தத்தை இன்னொரு சாட்டிலைட்டுக்கு அனுப்பி, அது வழியாப் பிளேனுக்குச் சொல்லிருதான். எனக்கு ஒடனே புரிஞ்சிட்டு. எங்க வீட்டுல நடக்கிறதுதான். நான் வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லுவேன், என் பொஞ்சாதி செண்பகம் அடுப்படியில இருந்துக்கிட்டே அதைத் திருத்தி, வந்தவங்க காதுல போட்டுருவா.

அந்தத் திருத்தத்தை வச்சு வானத்துல சரிவா ஒரு கோடு போட்ட மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. மேகத்துக்குள்ள ஒண்ணுமே தெரியாட்டாலும் பைலட்டு அந்தக் கோட்டைப் புடிச்சிக்கிட்டே ஓடுபாதைக்குப் பக்கத்துல வந்துரலாம். ஆனா பாத்துக்கிடுங்க, சாட்டிலைட்டுக்குக் கீழ என்ன நிக்குன்னு தெரியாது. தென்னை மரமா, டவரா, எவன் வீட்டு மாடியா, எல்லாத்தையும் மனுசன்தான் வந்து அளந்து எழுதணும். அதுக்குத்தான் சர்வே. அங்கதான் என் சகலை கதைக்குள்ள வாரான்.

பால்வண்ணன். என் பொஞ்சாதியோட தங்கச்சி குழல்வாய்மொழியைக் கட்டினவன். பில்டிங் காண்ட்ராக்டர். அடுத்த வீடு, நடுவுல ஒரே ஒரு காம்பவுண்டுச் செவுரு. என்னைவிட ஆறு வயசு எளையவன், வாய் நெறைய அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவான். எனக்கு அவன் மேல பொறாமை கிடையாது, அதை மொதல்லயே சொல்லிருதேன். அவன் மூணு மாடி கட்டினான், நான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன். அவன் கார் வாங்கினான், எனக்குக் கார்ல போனா தலை சுத்தும். அவ்வளவுதான்.

சர்வே முடிஞ்சு பாத்தா, அவன் வீட்டு மாடி கணக்குல வந்துட்டு. கோட்டுக்குச் சரி நேரா இல்ல, கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கு, இருந்தாலும் ஒசரம். பைலட்டு கையில இருக்கிற படத்துல அவன் வீடு ஒரு புள்ளியா ஏறிட்டு. உச்சியில செவப்பு லைட் போடணும்னு லெட்டர். லெட்டர் வந்த அன்னிக்கு அவன் தெருவுல நடந்த நடையைப் பாக்கணுமே. பால்காரன்ட்ட சொல்லுதான், தபால்காரன்ட்ட சொல்லுதான். தபால்காரன்தான் லெட்டரைக் கொண்டாந்தவன், அவனுக்கே சொல்லுதான். பைலட்டு நம்ம வீட்டைப் பாத்துத்தான் எறங்குதாரு அண்ணாச்சின்னு என்கிட்டயும் சொன்னான்.

அந்த லைட்டை ஏறி மாட்டிக் குடுத்தது யாரு தெரியுமா? நான்தான். கரண்டு வேலை தெரிஞ்சவர் நீங்க இருக்கும்போது வெளியாளு எதுக்குன்னுட்டான். மாட்டிட்டு எறங்கி வந்து அன்னிக்குச் சாயங்காலம் பாத்தா, அந்த வெளிச்சம் நேரா எங்க படுக்கை ரூம் செவுத்துல வந்து விழுது. செண்பகம் ஜன்னலைச் சாத்தாம அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நாலு நாள் கழிச்சு, "என் தங்கச்சி குழலி குடுத்து வச்சவ"ன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா நான் தூங்கியிருப்பேன்.

மறுநாளே அந்த சர்வே பொண்ணைத் தேடிப் போய், என் வீட்டையும் எழுதிக்கோம்மான்னேன். கருவியில பாத்துட்டு அது சிரிச்ச மொகமாச் சொல்லிச்சு: "அய்யா, உங்க வீடு யாருக்கும் இடைஞ்சல் இல்ல. சந்தோசமா இருங்க." சந்தோசமா இருக்கணுமாம். முப்பத்திநாலு வருசம் சர்வீஸ் போட்டவனைப் பாத்து, நீ இடைஞ்சலுக்குக்கூட ஆக மாட்டேன்னு ஒரு சின்னப் பொண்ணு சொல்லிட்டுப் போவுது. நீங்களா இருந்தா சும்மா விடுவீயளா?

டீயைக் குடிங்க, ஆறிரும்.

எனக்கு ஒரே மக, கல்யாணி. அந்த வருசம் ஆனி மாசம்தான் கல்யாணம் முடிச்சோம். மாப்பிள்ளை நவநீதன், புனாவுல கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனா எதையும் நோண்டிப் பாக்காம விட மாட்டாரு. தாலி கட்டப்போற நேரத்துல, மண்டபத்துல பொகை போற ஜன்னல் எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருந்தவரு. அந்தக் கல்யாணத்துல ஒரு சின்ன விசயம் நடந்து போச்சு. வாசல்ல கட்டின பிளக்ஸ்ல சகலை பேரு பெரிய எழுத்துல, பொண்ணைப் பெத்த என் பேரு சின்ன எழுத்துல. நான் ஏணியைப் போட்டு ஏறி அவன் பேரு மேல ஒரு வேட்டியைக் கட்டினேன். அந்த நேரம் பாத்தா சம்மந்தி வீட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்கணும்?

கல்யாணி அன்னிக்கு மணவறையில அழுத அழுகைக்குக் காரணம் பொறந்த வீட்டைப் பிரியுததுன்னு எல்லாரும் நெனச்சாவ. அது காரணம் இல்ல. கெளம்பும்போது என் கையை எடுத்து அவ தலையில வச்சா. இனிமே அவங்க முன்னால இந்தச் சின்னப்புள்ளத்தனம் பண்ண மாட்டேன்னு சொல்லுங்கப்பா, எனக்கு அந்த வீட்டுல தலை நிமிரணும்னா. சத்தியம் பண்ணிக் குடுத்தேன். மனசாரத்தான் குடுத்தேன். எனக்கு அவ ஒருத்திதான் சார்.

ஆனா தொட்டி வேற விசயம். தொட்டி தண்ணிக்கு. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வாராரு, குளிக்கப் போனா ஷவர்ல தண்ணி சொட்டு சொட்டா விழுந்தா நல்லாவா இருக்கும்? தண்ணி வேகமா வரணும்னா தொட்டி ஒசரத்துல இருக்கணும். யாரு வேணும்னாலும் கேளுங்க. மாடி மேல பதினோரு அடிக்கு நாலு கான்கிரீட் தூண், அது மேல பலகைக் கான்கிரீட், அது மேல தொட்டி, தொட்டிக்குப் பக்கத்துல ஒரு இரும்புக் கம்பி. கம்பி உச்சியில செவப்பு பல்பு. பல்பு எதுக்குன்னு கேட்டா, தொட்டி நெறஞ்சா எரியும்னு சொன்னேன். அது எப்பவும் எரிஞ்சுது.

உள்ளூர் கொத்தனார் எல்லாம் சகலை ஆளுங்க. அதனால வெளியூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வந்து புரட்டாசி கடைசியில வேலையை முடிச்சேன். சகலை வந்து நின்னு அண்ணாந்து பாத்தான். ஏர்போர்ட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க அண்ணாச்சின்னான். பாத்தீயளா, வயித்தெரிச்சல். கேட்டுக்கிடுதேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ரெண்டே நாள். ஏர்போர்ட் ஜீப் வீட்டு வாசல்ல நிக்கி. நாலு ஆபீசர். மாடிக்கு ஏறினாவ, அளந்தாவ, போட்டோ எடுத்தாவ, போன்ல யாருகிட்டயோ தணிஞ்ச குரல்ல பேசினாவ. ஒருத்தர் மொகத்துலயும் சிரிப்பு இல்ல. பெரிய வேலை செய்றவங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். மிக்சரும் டீயும் குடுத்து, எழுதும்போது என் இனிஷியலைச் சரியாப் போடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன்.

ஒரு வாரத்துல லெட்டர் வந்துச்சு. என் தொட்டி கோட்டுக்குச் சரி நேர் கீழ, இருக்கக்கூடாத ஒசரத்துல நிக்காம். அதனால சாட்டிலைட் வழியை நிறுத்தி வச்சிருக்காங்களாம். பதினஞ்சு நாளுக்குள்ள எறக்கணுமாம். எனக்கா லெட்டர் புதுசு? லைன்ல ஒரசுத மரக்கிளையை வெட்டச் சொல்லி நானே எத்தனை லெட்டர் அனுப்பியிருக்கேன். மொதல் லெட்டர் பைலுக்கு. ரெண்டாவது லெட்டர் ஆடிட்டுக்கு. மூணாவது லெட்டர் வந்தாத்தான் நிசம். முப்பத்திநாலு வருசத்துல மொதல் லெட்டருக்கு மரம் வெட்டின ஒரு ஆளை நான் பாத்தது கிடையாது.

அது போக அந்த லெட்டர்ல இன்னொரு வரி இருந்துச்சு. என் தொட்டி நிக்கிற எடம், ஒசரம், அடி மீட்டர் கணக்கெல்லாம் நம்பராப் போட்டு எல்லாப் பைலட்டுக்கும் அறிவிப்பு போயிருக்குன்னு. சகலை வீடு படத்துல ஒரு புள்ளி. என் தொட்டிக்குத் தனி அறிவிப்பு சார். செண்பகத்துக்கு வாசிச்சுக் காட்டினேன். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டினேன். அதுக்கு அப்புறம் பத்து நாள் நல்ல வெயிலு, பிளேனெல்லாம் பைலட்டு கண்ணாலயே பாத்து எறங்கிச்சு. என்ன ஆகிப்போச்சு? ஒண்ணும் ஆகல.

தீபாவளிக்கு மொத நாள் மழை புடிச்சுக்கிட்டு. மாப்பிள்ளைக்குப் பிளேன் டிக்கெட் போட்டுக் குடுத்தது நான்தான், ரயில்ல வந்துருதோம்னு அவரு சொன்னதைக் கேக்கல. ரெண்டே முக்கால் பிளேன். வாசல்ல கோலம், அடுப்புல முந்திரிக்கொத்து. நான் குடையைப் புடிச்சிக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். போய், தொட்டிக்குப் பக்கத்துலயே ஏறி நின்னுக்கிட்டேன். கல்யாணி ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா அப்பா தெரியட்டுமேன்னு.

சத்தம் கேட்டுச்சு. மேகத்துக்குள்ள வருது, வருது, கிட்ட வருது. நான் துண்டை எடுத்து ஆட்டுதேன். சட்டுனு இரைச்சல் கூடி மேல ஏறிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் வந்துச்சு. நான் தொட்டி மூடி மேலயே ஏறி நின்னு ஆட்டினேன். மறுபடியும் மேல போயிட்டு. அப்புறம் சத்தம் வடக்காம போய்த் தேய்ஞ்சே போச்சு. பைலட்டுக்குத் தைரியம் பத்தலன்னுதான் அப்ப நெனச்சேன். பிறகுதான் தெரிஞ்சுது, சாட்டிலைட் வழி இல்லாம பழைய முறையில எறங்கணும்னா ரொம்ப ஒசரத்துலயே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியணுமாம். தெரியலைன்னா எறங்கப்படாதாம். அது சட்டமாம்.

ஒரு மணி நேரத்துல கல்யாணி போன் பண்ணினா. மதுரையில எறக்கி விட்டுட்டாங்கப்பா, கார் புடிச்சு வாரோம், மூணு மணி நேரம் ஆகும்னா. சரிம்மா, பத்திரமா வாங்கன்னேன். அதோட விட்டிருக்கலாம். அவ விடல. "எவனோ ஒரு கிறுக்கன் பாதையில தண்ணித் தொட்டி கட்டியிருக்கானாம்ப்பா. அவனாலதான் இத்தனையும். பிளேன்ல ஒரு கைக்கொழந்தைக்காரி அழுதுட்டா"ன்னா.

என்ன மனுசங்களோ தெரியலம்மான்னு நானும் சேந்து திட்டினேன். வேற என்ன செய்ய?

அதுக்குள்ள மாப்பிள்ளை போனை வாங்கினாரு. அந்த அறிவிப்பை அவரு போன்லயே தேடிப் புடிச்சிட்டாரு, சொன்னேன்லா, நோண்டுத ஆளு. அதுல இருக்கிற நம்பரை மேப்புல போட்டாராம், நம்ம தெருவைக் காட்டுதாம். வந்ததும் மொத வேலையா அந்த ஆளைப் போய்ப் பாக்கணும் மாமான்னாரு. பாப்போம் மாப்பிள்ளைன்னேன். போன் மறுபடியும் கல்யாணி கைக்குப் போச்சு. அவ குரல் கீழ எறங்கிட்டு. "அப்பா, நம்ம தெருவுல யாருப்பா தொட்டி கட்டினா?" தெரியலையேம்மான்னேன்.  பட்டுன்னு போனை வச்சிட்டா.

என் கை அவ தலையில இருந்தது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு.  மூணு மணி நேரம். அதுக்குள்ள அந்தத் தொட்டி அங்க இருக்கப்படாது. இருந்தா என் மக அந்த வீட்டுல எப்படித் தலை நிமிருவா?

செண்பகம் மொத வேலையா லெட்டர்ச் சட்டத்தைக் கழத்தி அரிசி டின்னுக்குள்ள பொதச்சா. நான் சம்மட்டியை எடுத்துட்டு மேல போனேன். பத்து அடி அடிச்சேன், தூண்ல ஒரு சில்லு பேந்துச்சு. நல்ல கம்பி போட்டுக் கட்டியிருந்தேன், அதான் வினை. கொத்தனாருக்குப் போன் போட்டா, தீபாவளிக்கு ஊருக்குப் போயாச்சுங்கான். செண்பகம் படிக்கட்டுல நின்னுக்கிட்டு, அடுத்த வீட்டுல கான்கிரீட் ஒடைக்கிற மிசினோட ஒரு மனுசன் இருக்காருல்லான்னா. செத்தாலும் போக மாட்டேன்னேன். மணி நாலே காலுன்னா. போனேன்.

அவன் வீட்டு ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தான். வாசல்லயே நின்னு, தொட்டியை எறக்கணும், கல்யாணி வாராங்கிற வரைக்கும்தான் சொன்னேன். மேல கேக்கல. பேப்பரை மடிச்சு வச்சான், செருப்பைக்கூடப் போடாம எந்திச்சு வந்தான். சைட்ல நின்ன டீசல் மிசினைத் தள்ளிக்கிட்டு வந்து, டியூபை மாடிக்கு இழுத்து, வேலையை ஆரம்பிச்சிட்டான். நான் தண்ணியைத் தொறந்து விட்டு, தொட்டியைக் கயித்துல கட்டி எறக்கினேன். மழை கொட்டுது. ரெண்டு பேரும் நனைஞ்சு போயி, மேலெல்லாம் சிமெண்ட் சாந்து. நடுவுல மிசினை நிறுத்திட்டு, இதை எதுக்கு அண்ணாச்சி கட்டினீயன்னு கேட்டான். ஷவருக்குன்னேன். ஆமா, ஷவருக்குத்தான்னு சொல்லிட்டு மறுபடியும் மிசினைப் போட்டான்.

மூணு தூண் விழுந்துட்டு. நாலாவது தூணு பாதியில நிக்கும்போது கார் வந்துட்டு.

நாங்க கீழ எறங்கி வந்தா, மாப்பிள்ளை வாசல்ல நிக்காரு. கையில போன். காலுக்குப் பக்கத்துல தெருவுலயே அந்தத் தொட்டி கவுந்து கெடக்கு, சுத்தி ஒடஞ்ச கான்கிரீட்டு. அவரு போனைப் பாக்காரு, தொட்டியைப் பாக்காரு, எங்க மாடியைப் பாக்காரு. எங்க ரெண்டு பேரையும் பாக்காரு. கல்யாணி அவருக்குப் பின்னால குடையைப் புடிச்சிக்கிட்டு, மொகத்துல ரத்தமே இல்லாம நிக்கா. என்னை மட்டுந்தான் பாக்கா.

"இதுதானா மாமா?"ன்னு மாப்பிள்ளை மெதுவாக் கேட்டாரு. நான் குனிஞ்சு, தெருவுல கெடந்த சில்லைப் பொறுக்க ஆரம்பிச்சேன். 

"நான்தான் மாப்பிள்ளை"ன்னான் பால்வண்ணன். "எங்க வீட்டுக்குத் தண்ணி பத்தலன்னு நான்தான் அண்ணாச்சி மாடியில வச்சேன். வேண்டாம் வேண்டாம்னு அவரு தலையால அடிச்சிக்கிட்டாரு. நான்தான் கேக்கல."

மாப்பிள்ளை அவனை மேல கீழ பாத்தாரு. கல்யாணி குடையை மடக்கினா. மடக்கிட்டு, அறிவு இருக்கா சித்தப்பா உங்களுக்குன்னு ஆரம்பிச்சா பாருங்க. வயசுக்குத் தக்கன நடக்க வேண்டாமா, அம்புட்டுப் பேரு உயிரோட வெளையாடலாமா, உங்க பெருமைக்கு ஊரு வெலை குடுக்கணுமான்னு நடுத்தெருவுல வச்சுக் கேக்கா. தொண்டை கம்முற வரைக்கும் கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா. அவன் தலையைக் குனிஞ்சு, தப்புதாம்மா, தப்புதாம்மான்னு அம்புட்டையும் வாங்கிக்கிட்டான். திட்டுததெல்லாம் அவனைத்தான், ஆனா பார்வை என்னமோ என் பக்கமே வந்து வந்து போச்சு. கோவத்துல கண்ணு எங்க பாக்குன்னு தெரியாதுல்லா.

எனக்கு அழுகை வந்துட்டு சார், மறைக்க வேண்டியது இல்ல. மழையில யாருக்கும் தெரியல. மாப்பிள்ளை பெருந்தன்மையா, சரி விடு, எறக்கிட்டாங்கல்லான்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள வந்து வெந்நி கேட்டாரு. தலை தீபாவளி நல்லபடியா நடந்துச்சு. விடிய எண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்திட்டு, கல்யாணி எங்க கால்ல விழுததுக்கு முந்தி நேரா அடுத்த வீட்டுக்குப் போய் சித்தப்பா கால்ல விழுந்துட்டு வந்தா. வரும்போது கண்ணு செவந்திருந்துச்சு. அந்தப் பேச்சு பேசிட்டோமேன்னு வெக்கப்பட்டிருப்பா. நல்ல மனசு அவளுக்கு, என்னைக் கொண்டு பொறந்தவ.

அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவன் எனக்குத் தெய்வம்தான். அதுல சந்தேகம் இல்ல. அதுக்கு மேல நடந்ததைத்தான் என்னால தாங்க முடியல.

மாப்பிள்ளைக்கு அவனைப் புடிச்சுப் போச்சு. மறுநாளே அவன் தோள்ல கை போட்டு, ஒடஞ்ச தூணு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஆபீஸ் முழுக்க அனுப்பினாரு. ஒத்தை மனுசன், ஒரு தண்ணித் தொட்டியை வச்சு, சாட்டிலைட்டையே தோக்கடிச்சு பிளேனைத் திருப்பி அனுப்பினவருன்னு எழுதியிருக்காரு. சம்மந்தி புனாவுல இருந்து போன் போட்டு அவன்கிட்ட பத்து நிமிசம் பேசுதாரு. எங்கிட்ட சொகமான்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. இவன் ஒரு தடவையாவது, அது நான் இல்லன்னு ஜாடை காட்டினானா? காட்டல.

காட்டாததோட விட்டானா? தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, இதுதான் நடந்தது, வேற பேச்சு கல்யாணி வீட்டுக்காரர் காதுக்குப் போவப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கான். எம்புட்டு முன்யோசனை பாருங்க. ஓட்டுக் கேக்குதவன்கூட இப்படி வீடு வீடாப் போக மாட்டான். மொதல்ல ஊருக்கு உண்மை தெரியும், சும்மா தலையாட்டினாவ. இப்ப அஞ்சு வருசம் ஆச்சு. தலையாட்டித் தலையாட்டி அதையே நம்பிட்டாவ. இந்த மாஸ்டரைக் கேளுங்க. பிளேனைத் திருப்பினது யாருன்னு கேளுங்க, பால்வண்ணன்ம்பாரு. தொட்டி கட்டும்போது வந்து டீ குடுத்தவரு இவரு.

போன வருசம் ஒரு நாள் பொறுக்க முடியாம அவன்கிட்ட போய், போதும்டே, என் பேரை எங்கிட்ட குடுத்துருன்னே கேட்டுட்டேன்.  குடுத்துருதேன் அண்ணாச்சி, கல்யாணி தீபாவளிக்கு வரும்போது மாப்பிள்ளையை வச்சிக்கிட்டே குடுத்துருதேன், சரியான்னான்.  எந்திச்சு வந்துட்டேன்.

இப்ப என் பேத்திக்கு மூணரை வயசு. தீபாவளிக்கு வந்தா பாதிப் பொழுது அவன் மடியிலதான். பிளேனை எப்படித் திருப்பினீங்க தாத்தான்னு கேப்பா. அவன் சொல்லுவான். அவனுக்குக் கதை சொல்ல வராது சார். மேகம் எப்படி இருந்துச்சு, சத்தம் எப்படி ஏறிச்சு, துண்டு எந்தக் கையில இருந்துச்சு, ஒண்ணும் தெரியாது. எல்லாம் தப்புத் தப்பாச் சொல்லுவான். ஒரே தடவைதான் பிளேன் வந்துச்சும்பான். ரெண்டு தடவை வந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து, வாய்க்குள்ள முறுக்கைப் போட்டு அடைச்சிக்கிட்டு, என் கதையை அவன் வாயால கேட்டுக்கிட்டு இருக்கணும். அவ கதை முடிஞ்சதும் கை தட்டுவா. அவனைப் பாத்து.

அந்தா கேக்குதா? சத்தம். நான் சொல்லல? மேகத்துக்குள்ளதான் வருது, ஆனா இப்ப ஒரு தடங்கலும் கிடையாது. மறுபடியும் வந்து அளந்து, அந்த வழியை அப்பவே தொறந்து விட்டுட்டாவ. என் மாடி இப்ப மொட்டையாத்தான் கெடக்கு. ஷவர்ல தண்ணி சொட்டு சொட்டாத்தான் விழுது. கெளம்புங்க, பேக்கை எடுத்துக்கிடுங்க. டீயை நான் பாத்துக்கிடுதேன்.

ஒரு நிமிசம் சார். எங்கிட்ட கேட்டதை நீங்க போற எடத்துல நாலு பேருகிட்ட சொல்லுங்க. புனா பக்கம் மட்டும் வேண்டாம், கல்யாணிக்குத் தெரிஞ்சிரப்படாது. வேற எந்த ஊர்ல வேணும்னாலும் சொல்லுங்க. சொல்லும்போது பேரை மட்டும் மாத்திராதீங்க. பால்வண்ணன் இல்ல. ஆவுடையப்பன்.